பதினோரு விளக்குக்கு ஒரே சுவிட்ச்

வீரய்யாவிடம் யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வருடம் ஒரே ஊரில் யாரோடும் மனஸ்தாபம் இல்லாமல் ஒருவர் வாழ்ந்திருக்கிறார் என்றால் அதற்கு ஏதாவது ஒரு வழி வேண்டாமா? இன்றைக்கு மழை வரும் என்றால் ஆமாங்க. வராது போலிருக்கே என்று அடுத்தவர் சொன்னால், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அதற்கும் ஆமாங்க. மனிதர் நடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். எதிரே நிற்பவர் சொல்வது அந்த நேரத்தில் அவருக்கு நிஜமாகவே சரியென்று படும். அவருடைய கஷ்டமெல்லாம் அதில்தான் தொடங்குகிறது.

திருவரங்குளத்துக்கு அங்கிட்டு, மெயின் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது கொன்னையடிப்பட்டி. அந்த ஊராட்சியில் அவர் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போட்டுத் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும், தெருக்குழாய்களுக்குத் திறந்துவிட வேண்டும், அதோடு தெருவிளக்குகளைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுக் காலையில் ஆறு மணிக்கு அணைக்க வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு சுவிட்ச். ஆறு தெரு, ஆறு பெட்டி. மொபெட்டில் ஒரு சுற்று வந்தால் ஊர் வெளிச்சமாகிவிடும்.

இந்த வேலையும் அவராகத் தேடிக்கொண்டதில்லை. அவருடைய அக்கா அழகி அப்போதிருந்த பிரசிடெண்டின் வாசலில் மூன்று நாள் நின்று வாங்கிக் கொடுத்தது. கல்யாணமும் அக்கா பார்த்து முடித்ததுதான். பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "பிடிச்சிருக்கா தம்பி?" என்று அக்கா கேட்க, "ஒனக்குப் பிடிச்சிருக்கா?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். மனைவி சொர்ணவல்லி இருபத்தைந்து வருடமாக இதைச் சொல்லிக்காட்டிக் கொண்டிருக்கிறார். அதற்கும் வீரய்யா ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றால் எப்படி இருக்கும்?

தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் ஊராட்சியை ஒரு தனி அலுவலர் பார்த்துவந்தார். அவருக்கு இதுபோல இன்னும் எத்தனையோ ஊர். உள்ளூரில் எல்லாவற்றையும் ஓட்டுவது ஊராட்சி செயலாளர் பாலாஜி. ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் பாலாஜி வீரய்யாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"வீரய்யாண்ணே, கரண்டைக் குறைக்கச் சொல்லி மேலேருந்து ஒரே பிடுங்கல். அவசியமில்லாத லைனை எட்டு மணிக்கே அணைச்சுப் பாக்கலாம்னு ஆபீசர் சொல்றார். வடக்குத் தெரு லைன்ல ஆரம்பிப்போம். கார்த்திகை முடிய எட்டு மணிக்கு அணைங்க. அதுக்குள்ள ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு வீடு வீடாக் கேட்டு ஒரு நோட்டுல எழுதிட்டு வந்துருங்க."

"ஆமாங்க தம்பி," என்று சொல்லிவிட்டார் வீரய்யா. வெளியே வந்து மொபெட்டை உதைக்கும்போதுதான் அது எந்த லைன் என்பது உறைத்தது.

வடக்குத் தெரு லைன் என்பது பதினோரு கம்பம். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் தொடங்கி, ஆள் குடியிருப்பு இல்லாத அரை கிலோமீட்டரைத் தாண்டி, வடக்குத் தெரு முக்கைக் கடந்து தெருவுக்குள் போய் முடிகிறது. முக்கில் இருக்கும் முதல் வீடு வீரய்யாவுடையது. அந்த வெறும் ரோட்டுக்கு ஒரு பக்கம் தைலமரக் காடு. மறுபக்கம் அக்காவின் செவ்வந்தித் தோட்டம், ரோட்டை ஒட்டி நீளவாக்கில் ஒரு ஏக்கர்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. இருப்பது அந்த ஒரு ஏக்கரும், அதன் உள்கோடியில் அவர் குடியிருக்கும் குடிசையும்தான். போன வருடம் பழைய டியூப்லைட்டுகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினார்கள். அதிலிருந்து பிடித்தது சனி. விளக்கு வெளிச்சம் விழாத உள்பக்கத்தில் செடிக்குச் செடி மொட்டு. ரோட்டுப் பக்கம் மூன்று கம்பத்து நீளத்துக்கு இலை மட்டும் தளதளவென்று நிற்கிறது, பூவைக் காணோம். வேளாண்மை ஆபீஸில் கேட்டதற்கு, செவ்வந்தி மொட்டு வைக்க நீண்ட ராத்திரி வேண்டும், இந்த வெளிச்சத்தில் செடி இன்னும் பொழுது சாயவில்லை என்று நினைத்துக்கொள்கிறது என்றார்கள். அன்றிலிருந்து அக்கா கேட்பதெல்லாம் இருட்டைத்தான்.

இந்தப் பக்கம் மகள் தேவிப்ரியா. லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. மத்தியான ஷிப்ட். ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த அரை கிலோமீட்டரைத் தனியாக நடந்து வர வேண்டும். வீரய்யா போய்க் கூட்டி வரலாமே என்று கேட்பீர்கள். மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்டு அந்த ஊரில் எட்டு மணிக்கு மேல்தான் வரும். தொட்டி ஒன்பது மணி வாக்கில் நிறையும், அதற்கப்புறம் தெருக்குழாய்களுக்குத் திறந்துவிட வேண்டும், ஆக ஒன்பதரை வரை அவர் ஊரின் தென்கோடியில் மோட்டார் ரூமில் இருந்தாக வேண்டும். ஓடுகிற மோட்டாரை விட்டுவிட்டு எழுந்தால் தொட்டி வழிந்து தெற்குத் தெரு சேறாகிவிடும்.

சொர்ணவல்லி விஷயத்தைக் கேட்டதும் வளவளவென்று பேசவில்லை.

"என்னைக்கு அந்த விளக்கு அணையுதோ அன்னையோட இவ வேலைக்கு முழுக்கு. வீட்டுல ஒக்காரட்டும். நல்ல எடமா வந்தா முடிச்சுருவோம்."

தேவிப்ரியா அம்மாவை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சுவிட்ச் அவர் கையில்தானே இருக்கிறது. வீரய்யா சட்டினியைத் தொட்டுக்கொண்டு, "ஆமா" என்றார். யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் 'எரியட்டும்', வலது பக்கம் 'அணையட்டும்' என்று எழுதிக்கொண்டார். ஜனங்கள் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள் என்று நம்பிய அந்த அப்பாவித்தனத்தை என்ன சொல்ல.

முதலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெலிக்ஸ். அவர் வீட்டில் அரை மணி நேரம் பாடம் நடந்தது. இந்த வெளிச்சத்தால் மின்மினிப் பூச்சியே அழிந்துவிட்டது, ஆந்தைக்குக் கண் தெரியாமல் போகிறது, வானத்தில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பேர் சொல்ல முடியவில்லை. வீரய்யா வலது பக்கம் எழுதினார். வாசல்வரை வந்து வழியனுப்பிய வாத்தியார் குரலைத் தாழ்த்தி, "என் வீட்டு முன்னால இருக்குற விளக்கை மட்டும் தொட்டுராதீங்க வீரய்யா. கண்ணுல புரை விழுந்து கெடக்கு, படி தெரியாது" என்றார். வீரய்யா எழுதியதை அடித்தார்.

அடுத்து ஆட்டுக்கார ராக்கன். அவரிடம் இருந்த நியாயம் வேறு தினுசு.

"அணைச்சு விடுப்பா. இருட்டா இருந்தா திருட வாரவன் டார்ச்சு அடிக்கணும். அடிச்சான்னா எனக்குத் தெரிஞ்சுபோகும். இப்ப என்னடான்னா கடையில சாமான் பாக்குற மாதிரி வெளிச்சத்துல கொழுத்த கெடாயாப் பாத்துத் தூக்கிட்டுப் போறான்."

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மச்சினன் சிரித்தார். "விளக்கு இருக்கும்போதே ரெண்டு ஆடு போச்சு. இல்லைன்னா பட்டியே போயிரும்." இரண்டும் சரியாகத்தான் பட்டது. வீரய்யா கோட்டின் மேலேயே எழுதினார்.

மகளிர் குழுவில் ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து சீட்டாடிக் குடிக்கிறார்கள், அணைத்துவிட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்றார்கள் ஐந்து பேர். அணைத்தால் இருட்டில் குடிப்பார்கள், இப்போதாவது யார் வீட்டு ஆம்பிளை என்று முகம் தெரிகிறது என்றார்கள் மற்ற நாலு பேர். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த வசந்தகுமார், அங்கெல்லாம் ஆளே போகாத ரோட்டிலும் விடிய விடிய விளக்கு எரியும் என்று பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு, பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம் இங்கே வந்து படுத்தால் ஜன்னல் வழியாக வெளிச்சம் மூஞ்சியில் அடித்துத் தூக்கமே வரவில்லை என்று குறைப்பட்டார். பாம்பைப் பற்றி மட்டும் எட்டு வீட்டில் பேசினார்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும் என்றார் ஒருவர். எதற்கு வந்தால் என்ன, மிதிப்பதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்றார் இன்னொருவர்.

நான்காம் நாள் வீரய்யா நோட்டில் இன்னொரு கோடு போட்டு மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தார். அதற்குத் தலைப்பு 'ரெண்டும்'. மற்ற இரண்டு பத்தியும் பாதிப் பக்கத்தில் நிற்க, இந்த மூன்றாவது பத்தி மட்டும் பக்கம் பக்கமாக ஓடியது.

இதற்கு நடுவில் இரண்டு மனுக்கள் கிளம்பின. முதல் மனு அக்காவுடையது. பெலிக்ஸ் வாத்தியார் எழுதிக் கொடுக்க, அக்கா சைக்கிளில் வடக்குத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். முப்பது வருடத்துக்கு முன் அறிவொளி வகுப்பு நடந்த காலத்தில் அக்கா கற்றுக்கொண்டவை இரண்டு, கையெழுத்துப் போடுவதும் சைக்கிள் ஓட்டுவதும். தம்பி வீட்டுக்கும் வந்தார். சொர்ணவல்லி காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒங்களுக்குப் பூ பெருசு. எனக்குப் புள்ள பெருசு. போட மாட்டேன்."

அன்றோடு நாத்தனாருக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. இரண்டாவது மனு தேவிப்ரியாவுடையது. அதே பஸ்ஸில் வரும் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, விளக்கை அணைக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்து வாங்கினாள்.

வீரய்யா இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவருக்கு வந்த பெரிய ஆபத்து, எட்டு மணிக்குச் சுவிட்ச் முன்னால் போய் நிற்பதுதான். அங்கே 'ரெண்டும்' என்ற பத்தி கிடையாது. மேலே தள்ளினால் பதினோரு விளக்கும் எரியும், கீழே இழுத்தால் பதினொன்றும் அணையும்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருநாள் அணைப்பது, ஒருநாள் விடுவது. அணைத்த அன்று ராத்திரி சொர்ணவல்லியிடம், "பீஸ் போயிருச்சு" என்பார். அணைக்காத அன்று மறுநாள் காலையில் அக்காவிடம், "தண்ணி வேலையில மறந்தே போச்சுக்கா" என்பார். அந்த ஐப்பசி கார்த்திகையில் வடக்குத் தெரு லைனில் போன பீஸ் மாதிரி எந்த ஊரிலும் போயிருக்காது. சொர்ணவல்லி ஒவ்வொரு முறையும் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் போச்சுன்னா வேலைக்கு அனுப்ப மாட்டேன்" என்பார். மறுநாள் விளக்கு எரியும். அதற்கு அடுத்த நாள் பழையபடி போகும்.

தேவிப்ரியா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இருட்டான அன்றும் ஒன்பது இருபதுக்கெல்லாம் பதற்றமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டதாகத்தான் சொர்ணவல்லி சொன்னார். பயந்து வேலையை விடுவாளோ என்று தகப்பன் மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. பயமே இல்லாமல் எப்படி வருகிறாள் என்று இன்னொரு பக்கம் குழம்பியது. இரண்டையும் யாரிடமும் கேட்காமல் வைத்துக்கொண்டார்.

கார்த்திகை கடைசி வாரத்தில் தனி அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார். மேஜைமேல் இரண்டு மனுவும் வீரய்யாவின் நோட்டும் இருந்தன. நோட்டைப் புரட்டிய ஆபீசர் மூன்றாவது பத்தியில் வெகுநேரம் நின்றார். பிறகு மனுக்களை எடுத்தார்.

"அணைக்கச் சொல்லி நூத்திப் பதினெட்டுப் பேர். அணைக்கக் கூடாதுன்னு நூத்திப் பத்தொம்பது பேர். இந்தத் தெருவுல மொத்தமே அவ்வளவு பேர்தான இருப்பாங்க?"

பாலாஜி தொண்டையைச் செருமினார். "டிக் போட்டுப் பாத்துட்டேன் சார். ரெண்டுலயும் ஒரே ஆளுங்கதான்."

"அதெப்படிய்யா?"

எப்படி என்றால் அப்படித்தான். காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஒருத்தர் வந்து நின்றால் மாட்டேன் என்று சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அக்கா பாவம், பூ பூக்கவில்லை. அந்தப் பெண்ணும் பாவம், இருட்டில் நடந்து வருகிறது. இதை ஆபீசருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் பாலாஜி வீரய்யாவைப் பார்க்க, வீரய்யா தன் கால் பெருவிரலைப் பார்த்தார்.

"ஒரே ஒரு பேருதான் சார் ஒத்தையா நிக்குது," என்றார் பாலாஜி. "சொர்ணவல்லி. அணைக்கக் கூடாதுங்கிறதுல மட்டும்."

"பரவால்ல, ஊர்ல ஒருத்தராச்சும் தெளிவா இருக்காங்க. யாரு அந்தம்மா?"

"நம்ம வீட்லதாங்க," என்றார் வீரய்யா.

ஆபீசர் சிரிக்கவில்லை. மனுக்களின் நகலை அவரிடமே கொடுத்தார். "பத்தொம்பது வருசமா நீங்கதான் போட்டு அணைக்கிறீங்க. எல்லாரு சொன்னதையும் கேட்டுட்டீங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? ஒரு வார்த்தை. நாளைக்குக் காலையில சொல்லுங்க, அதையே எழுதிர்றேன்."

வீரய்யாவை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அக்காவின் பூவா, மகளின் வேலையா என்பதை நாளைக்குள் தன் வாயால் சொல்ல வேண்டும். யாரைச் சொன்னாலும் இன்னொருத்தி முகத்தில் முழிக்க முடியாது. காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தார். காய்ச்சலும் வரவில்லை.

அன்று அணைக்க வேண்டிய முறை. எட்டு மணிக்கு அணைத்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனார். மோட்டாரைப் போட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தவருக்குப் பாலாஜி சொன்னது திரும்ப நினைவுக்கு வந்தது. ரெண்டுலயும் ஒரே ஆளுங்கதான். ஒரே ஒரு பேருதான் ஒத்தையா நிக்குது. அப்படியென்றால் அக்கா? அப்படியென்றால் தேவி?

காகிதங்களைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்தார். அணைக்கச் சொல்லும் மனுவில் பன்னிரண்டாவதாக இருந்தது மகளின் கையெழுத்து, இங்கிலீஷில், வாலை நீட்டி. விளக்கு அணைந்தால் அவள் வேலை போய்விடும் என்று தெரிந்தே போட்டிருக்கிறாள். அணைக்கக் கூடாது என்ற மனுவைப் புரட்டினார். முப்பத்தோராவது இடத்தில் மூன்றே எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. அறிவொளியில் கற்ற அதே 'அழகி'. விளக்கு எரிந்தால் பூ இல்லை என்று தெரிந்தே போட்டிருக்கிறார்.

வீரய்யாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. தனக்கு வேண்டும் என்று கேட்டவளே வேண்டாம் என்றும் போட்டிருந்தால், அவர் இப்போது யாருக்காகப் பேசுவது? ஊர்தான் இப்படியென்றால் இவர்களுமா? வீட்டில் வைத்து மகளிடம் கேட்க முடியாது, சொர்ணவல்லி இருப்பார். மணியைப் பார்த்தார், எட்டு ஐம்பது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அதை அப்படியே ஓடவிட்டுவிட்டு மொபெட்டில் ஏறினார்.

அக்காவின் தோட்டத்தைத் தாண்டும்போதே பஸ் ஸ்டாப்பில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடுவது தெரிந்தது. குடிகாரன் எவனோ என்று வண்டியை முறுக்கினார். கிட்டே போனால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி அக்கா.

"இங்க என்னக்கா பண்ற?"

"நீ என்னடா பண்ற? மோட்டாரை யாரு பாக்குறா?"

வீரய்யா மொபெட்டை ஸ்டாண்டு போட்டார். அக்காவே சொன்னார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்ட குரலில்.

"எட்டு மணிக்கு லைட்டு போகுதான்னு பாப்பேன். போச்சுன்னா சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்துருவேன். பொட்டப்புள்ள ஒத்தையில நடக்குதேன்னு நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது. ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லிராத. துணை வேணும்னா வேலையே வேணாம்னு அது நிறுத்திரும். தேவியையும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப நீ எதுக்குக்கா அணைக்கச் சொல்லி மனு குடுத்த?"

"பூ பூக்கணும்ல?"

"அப்ப எரியட்டும்னு எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

"எந் தம்பி மக கொண்டாந்து நீட்டுது. போடாம இருக்கச் சொல்றியா?" அக்கா டார்ச்சைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார். ரோட்டோரச் செடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மொட்டு இருந்தது. சில மொட்டுகள் பாதியில் நின்று கருகியிருந்தன. "நீ ஒருநாள் விட்டு ஒருநாள் அணைச்சதுல செடிக்கு ஒண்ணும் புரியல. அதுவும் ஒன்ன மாதிரியே ஆயிருச்சு. இதுக்குப் பேசாம நீ எரியவே விட்டிருக்கலாம்."

வீரய்யாவுக்கு அழுகை வந்தது. இருவருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்து, ஒருத்தியின் பூவையும் கெடுத்து, வயதான அக்காவை இருட்டில் நிற்கவும் வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. நல்லவேளை, இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை.

பஸ் வந்தது. தேவிப்ரியா இறங்கினாள். அத்தையோடு அப்பாவும் நிற்பதைக் கண்டு திகைத்தாள். பையை வழக்கம்போல அத்தையின் சைக்கிள் கேரியரில் வைத்தாள். மூவரும் நடந்தார்கள். வீரய்யா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

"நீ ஏம்மா அத்தை மனுவுல போட்ட?" என்று கேட்டார்.

"அத்தை கேட்டுச்சுப்பா."

அதற்கு மேல் அவளிடம் விளக்கம் இல்லை. அவருக்கும் வேண்டியிருக்கவில்லை. அப்போது போன் அடித்தது. பாலாஜி.

"அண்ணே, டேங்க் வழிஞ்சு தெற்குத் தெரு பூரா தண்ணி ஓடுது, எல்லாரும் எனக்குப் போன் போட்டுக் கத்துறாங்க. மோட்டாரை மறந்துட்டீங்களா?"

ஆமாங்க என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. முன்னால் இரண்டு பேரும் டார்ச் வெளிச்சத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"இல்ல தம்பி," என்றார் வீரய்யா. "மறக்கல. புள்ளையக் கூட்டிக்கிட்டு வாரேன். வீட்டுல விட்டுட்டு வந்து நிறுத்துறேன்."

பத்தொன்பது வருடத்தில் வீரய்யா "இல்லை" என்று சொல்லி அந்த ஆபீஸில் யாரும் கேட்டதில்லை.

தெரு முக்கில் சொர்ணவல்லி நின்றுகொண்டிருந்தார். டார்ச் வெளிச்சம் நெருங்க நெருங்க, வருவது ஒருத்தி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் மகளைப் பார்த்தார், அப்புறம் கேரியரில் இருந்த பையைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

"இன்னைக்கும் பீஸ் போயிருச்சா?"

"இல்ல," என்றார் வீரய்யா. "பீஸு ஒருநாளும் போகல. நான்தான் அணைச்சேன். அணைச்ச அன்னைக்கெல்லாம் அக்காதான் இவளைக் கூட்டியாந்து விட்டிருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

தேவிப்ரியா கேரியரிலிருந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளுடைய வேலை இருக்கிறதா போய்விட்டதா என்பது அம்மா அடுத்து வாயைத் திறப்பதில் இருந்தது. அக்கா சைக்கிளைத் திருப்பப் போனார். சொர்ணவல்லி நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதமாகப் பேச்சில்லாத ஆளிடம் எடுத்த எடுப்பில் எப்படிப் பேசுவது? மகளிடம்தான் பேசினார்.

"ஒங்க அத்தையைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு. தோசை மாவு இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போறப்ப ஒனக்கு என்ன கட்டணும்னு இப்பவே சொல்லிரு, காலையில வந்து உயிரை எடுக்காத."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். வீரய்யா மொபெட்டை மோட்டார் ரூம் பக்கம் திருப்பினார். காலையில் ஆபீசரிடம் என்ன சொல்வது என்பது அவருக்கு இன்னமும் தெரியவில்லை. போகிற வழியில் வடக்குத் தெரு லைனின் தகரப் பெட்டி முன்னால் வண்டியை நிறுத்தினார். பெட்டியைத் திறந்து, சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மகள் வீடு வந்து சேர்ந்துவிட்டாள். அக்கா இனிமேல்தான் தோட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

விளக்கைப் போட்டார்.